செலக்டர் வீட்டு வேப்பமரம்

ஜெயப்பிரகாஷின் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்துவிட்டால் போதும், உலகத்தில் குறையில்லாத பொருள் என்று ஒன்றும் மிஞ்சாது. ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் அவர் செலக்டர். பதப்படுத்திய தோலை மேஜையில் விரித்து, உள்ளங்கையால் தடவி, உண்ணிக் கடி எங்கே, முள் கீறல் எங்கே என்று வட்டம் போட்டு, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது ரிஜெக்ட் என்று பிரிப்பதுதான் வேலை. மேல்பக்கம் எவ்வளவு பளபளத்தாலும் மனிதர் மயங்க மாட்டார். சதைப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் ஒரு தோலைக்கூட அவர் முதல் தரத்தில் போட்டதில்லை. உரிக்கும்போது விழுந்த கத்திவெட்டு அங்கேதானே தெரியும்!

அந்தப் பழக்கம் தொழிற்சாலை வாசலோடு நின்றிருந்தால் அவர் மனைவி பாக்யலட்சுமி கொடுத்துவைத்தவள். அது கம்பெனி பஸ்ஸில் அவரோடேயே ஏறி, பாகாயத்தைத் தாண்டி இருக்கிற வீடுவரை தினமும் வந்து இறங்கியது. தோசையைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிட்டு வாயில் வைப்பார்.

புயல் எங்கேயோ கடற்கரையில் கரையேறிவிட்டு, வேலூருக்குத் தன் வாலை மட்டும் அனுப்பியது. அந்த வால் சுழற்றிய சுழற்றில் ஜெயப்பிரகாஷ் வீட்டு வேப்பமரம் பாதி வேரோடு பெயர்ந்து, பின்னறைக் கூரைமேல் சாய்ந்துவிட்டது. சிமெண்ட் ஷீட்டுகள் உடைந்தன. வீட்டுக்கு வரும் கரண்ட் ஒயர் ஒரு கிளைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மரம் முழுசாகவும் விழவில்லை, நிமிரவும் இல்லை. யாராவது தும்மினால் விழுந்துவிடும் போல நின்றது.

வேறு அறையாக இருந்தால் பரவாயில்லை. அந்தப் பின்னறைக்கு அவரே சுண்ணாம்பு அடித்திருந்தார். தூளி கட்டுவதற்கு உத்திரத்தில் கொக்கி மாட்டி, அதைப் பிடித்துத் தானே தொங்கிப் பார்த்திருந்தார். மகள் பூங்குழலிக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை. தாயும் சேயும் வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பாக்யலட்சுமி கூட இருந்தாள். வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ்.

பேரணாம்பட்டிலிருந்து சம்பந்தி பெருமாள் போன் செய்தார். "இங்க ஒரு ஓலகூட பறக்கல சம்பந்தி. நீங்க இன்னாத்துக்கு பேஜாராவறீங்க? மரம் எடுக்கலன்னா வுடுங்க, புள்ளைய நாங்க கார்லயே கூட்டிட்டு வந்துடறோம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஜெயப்பிரகாஷோ பின்னறை வாசலில் நின்று கொக்கியை அண்ணாந்து பார்த்தார். பிரசவித்த மகள் முதலில் வரவேண்டியது தாய்வீட்டுக்கு. பேத்தியின் அழுகைச் சத்தம் முதலில் கேட்கவேண்டியது தன் வீட்டில். ஊரெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, காரில் ஏற்றிப் பேரணாம்பட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் திரும்பி வந்து இந்தக் கொக்கியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? கம்பெனிக்கு லீவு போட்டார். ஆள் தேட ஆரம்பித்தார்.

தேடுவது என்றால், செலக்ஷன்தான்.

முதலில் வந்தவன் விசிட்டிங் கார்டு வைத்திருந்தான். மரம் அறுக்கிற மெஷினையும் வைத்திருந்தான். அவன் பேசப் பேச ஜெயப்பிரகாஷ் அவனுடைய சட்டையையே பார்த்தார். பட்டன் ஒன்று தவறிய ஓட்டையில் மாட்டியிருந்தது. "தன் சட்டையவே ஒழுங்கா மாட்டாதவன் மரத்த எப்படி ஒழுங்கா வெட்டுவான்?" என்று அனுப்பிவிட்டார். பாருங்கள் அதிர்ஷ்டத்தை, அந்த ஆள் அடுத்த தெருவில் முன்பணம் வாங்கிக்கொண்டு போனவன் போனவன்தான். இது காதில் விழுந்ததும் நம் செலக்டரின் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அதற்கப்புறம் அவரை யார் பிடிக்க முடியும்?

அடுத்து வந்தது ஜேசிபி. ஒரே இழுப்பில் எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். இழுத்தால் மரத்தோடு சுவரும் வந்துவிடும் என்று பக்கத்து வீட்டு ஜஹீருன்னிசாவே மாடியிலிருந்து கத்தினாள். ஜெயப்பிரகாஷ் அதையெல்லாம் காதில் வாங்காமல், மண் அள்ளும் வாளியில் துருப்பிடித்திருந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு ரிஜெக்ட் செய்தார்.

மூன்றாவதாகக் கணியம்பாடியிலிருந்து மரமேறிகள் இரண்டு பேர் வந்தார்கள். கயிற்றை அவர்கள் காட்டிய அழகே தனி. அவருக்கே பிடித்துவிட்டது. ஆனால் அவர்கள் மேலே ஏறியதும் மனிதருக்கு உள்ளே போய் உட்காரத் தெரியவில்லை. சாய்ந்த மரத்துக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டு, வெட்டவேண்டிய கிளைகளுக்கெல்லாம் வட்டம் போட ஆரம்பித்தார்.

"சார், தள்ளி நில்லுங்க சார்."

"நீ வேலையப் பாருப்பா. அந்த முடிச்சு லூசா இருக்குது பாரு. அவுத்துட்டு திருப்பிப் போடு."

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் இறங்கினார்கள். "டீ குடிச்சிட்டு வர்றோம் சார்" என்று போனார்கள். எந்த ஊர் டீயோ, குடித்து முடியவே இல்லை.

வியாழக்கிழமை பாக்யலட்சுமி ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "பக்கத்துக் கட்டில்ல கணியம்பாடிக்காரங்க இருக்காங்க. அவங்க வூட்டு மேல வுழுந்த மரத்த கோவிந்தம்மாள்னு ஒருத்தங்க எடுத்தாங்களாம். ஒரு ஓடு உடையலயாம். அவங்க தெருவுல இன்னும் ரெண்டு பேருக்குப் போன் போட்டு விசாரிச்சிட்டேன். சாயங்காலம் வருவாங்க. இன்னாங்க, உங்கள கும்புட்டுக்கறேன், அந்தம்மாவ தோசை மாதிரி திருப்பிப் பாக்காதீங்க."

கோவிந்தம்மாள் வந்தாள். புடவைக்கு மேலே ஆண் சட்டை, காலில் பூட்ஸ். விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "மெயின் அணைச்சிட்டீங்களா சார்? லைன்மேனுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டாள். மரத்தைச் சுற்றி வந்தாள். பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். ஜெயப்பிரகாஷும் அவளைச் சுற்றி வந்தார். குறை எதுவும் தட்டுப்படவில்லை. அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது. சரி, போனால் போகிறது என்று தலையசைக்கத் தயாரானார்.

"சாரி சார். இந்த வேல நான் எடுக்கல" என்றாள் கோவிந்தம்மாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்? மரம் பெருசா?"

"மரம் ஒண்ணும் இல்ல சார், அத எடுத்துடலாம். டீ குடிக்கப் போனாங்களே, அந்த ரெண்டு பேரும் நம்ம ஆளுங்கதான். அட்ரஸ் கேட்டப்பவே எனக்கு டவுட்டு, வந்து உங்களப் பாத்ததும் கன்பார்ம் ஆய்டுச்சு. நீங்க கீழயே நிப்பீங்க. மேல இருக்கறவன் மரத்தப் பாப்பானா, உங்களப் பாப்பானா? புயலுக்கு அப்புறம் நூறு பேர் கூப்புடறாங்க. நான் மரம் பாத்து வேல எடுக்கறதில்ல சார், வூட்டுக்காரரப் பாத்துதான் எடுக்கறேன்."

அவள் போய்விட்டாள். இத்தனை வருடம் அடுத்தவர் கொண்டுவந்ததைத் தள்ளிவிட்ட மனிதரை ஒருத்தி வாசலில் நின்று தள்ளிவிட்டுப் போனாள். சட்டைப்பையில் இருந்த சாக்பீஸ் கனத்தது. கொக்கியைப் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை. விட்டுக்கொடுத்துவிடலாம், பேத்தி பேரணாம்பட்டுக்கே போகட்டும் என்று படுத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அழுதார்.

விடிந்ததும் பாக்யலட்சுமியின் போன். "நான் குளிக்கப் போகக்கூட ஆள் இல்ல. வந்து புள்ளைய வெச்சிக்கங்க. சாவிய எப்பவும் போல ஜஹீருன்னிசா அக்காகிட்ட குடுத்துட்டு வாங்க."

இங்கே நின்று மட்டும் என்ன கிழிக்கப்போகிறோம் என்று கிளம்பினார்.

ஆஸ்பத்திரியில் பேத்தியை அவர் மடியில் போட்டார்கள். போட்டவர்கள் திரும்ப எடுக்கவே இல்லை. ஒரு குளியலுக்கு பாக்யலட்சுமி எடுத்துக்கொண்ட நேரத்தில் ஊரே குளித்து முடித்திருக்கலாம். அப்புறம் மருந்து வாங்கப் போனாள், பில் கட்டப் போனாள், யாரிடமோ போனில் பேசப் போனாள். ஜெயப்பிரகாஷ் நகரவில்லை. குழந்தையின் முதுகில் அவரது உள்ளங்கை தானாகவே படிந்தது. அந்தக் கை வாழ்நாளில் இப்படி ஒன்றைத் தொட்டதில்லை. இடது தோளில் ஒரு சின்ன மச்சம் இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து, ஒவ்வொரு முறையும் சந்தோஷப்பட்டார். சாயங்காலம் இவளைக் காரில் ஏற்றி அனுப்பவேண்டுமே என்று நினைத்தபோது துணியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திவிட்டார்.

டிஸ்சார்ஜ் ஆகி, எல்லோரும் பெருமாளின் காரில் ஏறினார்கள்.

"சம்பந்தி, பாகாயம் வழியா வுடுங்க. பூங்குழலி துணி எடுக்கணும்" என்றாள் பாக்யலட்சுமி.

வீட்டு முனை திரும்பியதும் ஜெயப்பிரகாஷுக்கு முதலில் தெரு தவறிவிட்டதோ என்று தோன்றியது. வேப்பமரம் நின்ற இடத்தில் வானம் தெரிந்தது. துண்டுகள் அளவு பார்த்து வேலியோரம் அடுக்கியிருந்தன. பின்னறைக் கூரையில் புது ஷீட்டு, ஜன்னலில் லைட் வெளிச்சம். லைன்மேன்கூட வந்துபோயிருந்தார். வாசலில் கோவிந்தம்மாள் பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் நேராக பாக்யலட்சுமியிடம் வந்தாள். "பேசினபடியே சார நாள் பூரா அங்கயே புடிச்சி வெச்சிக்கினீங்க. தேங்க்ஸ்மா. அவரு மட்டும் இங்க இருந்திருந்தா நான் கைவெச்சிருக்கவே மாட்டேன்."

ஜெயப்பிரகாஷ் மனைவியைப் பார்த்தார். குளியல், மருந்து, பில், போன் எல்லாம் ஒவ்வொன்றாக அவருக்குப் புரிந்தது. பாக்யலட்சுமி வேலியோரம் அடுக்கிய விறகை ரொம்ப ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, காரிலிருந்து பைகளை இறக்க ஆரம்பித்தார்.

"பாத்து சொல்லுங்க சார்," என்றாள் கோவிந்தம்மாள், "எதனா கொற இருக்கா?"

இருந்தது. புது ஷீட்டு மற்றவற்றோடு நிறத்தில் சேரவில்லை. செம்பருத்திச் செடி ஒன்று மிதிபட்டிருந்தது. மூலையில் மரத்தூள் கிடந்தது. சாக்பீஸ் பையில்தான் இருக்கிறது, ஆனால் எடுக்க எங்கே முடிகிறது? இரண்டு கையிலும் பேத்தி. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் திறந்துவிட்டாள். வாசல்படியில், வீடே அதிர, பக்கத்து மாடியில் ஜஹீருன்னிசா எட்டிப் பார்க்க, அப்படி ஒரு அழுகை.

ஜெயப்பிரகாஷ் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"முதல் தரம்மா" என்றார்.

பாக்யலட்சுமி விடுவாளா? "இன்னாங்க, பின்பக்கம் போய்த் திருப்பிப் பாக்கலயா?"

"நீ போய்த் தூளியக் கட்டு" என்று சொல்லிவிட்டு, அவர் பேத்தியோடு உள்ளே போனார்.