பன்னிரண்டு வெற்றுக் கட்டங்கள்

பட்டியலில் ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. கண்டியில் எங்கள் நிவாரண அலுவலகத்தில் அதனால்தான் என் தலையில் எல்லாப் பட்டியலையும் கட்டுவார்கள். எட்டு நிரல்களிலும் எத்தனை விடுபட்டிருக்கிறது என்று எண்ணி, அடியில் ஒரே இலக்கமாகக் காட்டும்படி கணினியில் அறிக்கையொன்று அமைத்து வைத்திருந்தேன். அந்த இலக்கம் பூச்சியமாக இருந்தால்தான் மேலிடம் பட்டியலை ஏற்கும். தெல்தெனியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மண்சரிவில் லயத்து வரிசை வீடுகளை இழந்த குடும்பங்களுக்கு வீடு கிடைக்க, வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அது போயாக வேண்டும்.

வியாழக்கிழமை மாலை, இலக்கம் பன்னிரண்டில் நின்றது.

விபரம் எடுத்தவர் எங்கள் கள உத்தியோகத்தர் நிரோஷன். அதே தோட்டத்துப் பிள்ளை. அந்தக் குடும்பங்களோடு பாடசாலை மண்டபத்தில்தான் அவரும் தங்கியிருந்தார். தோட்டத்துப் பதிவேட்டுப் பழக்கம் அவரை விடவில்லை. லயத்தின் முதல் காம்பரா அறையில் இருக்கும் குடும்பத்துக்கு மட்டும் முழுதாக எழுதுவார், கீழே உள்ளவர்களுக்கெல்லாம் ‘மேலே உள்ளதே’ என்று டிட்டோ, அந்த இரட்டைக் கோடு, போட்டுவிடுவார். நானும் சலித்துப்போய், இரட்டைக் கோடு கண்டால் மேல் வரியில் இருப்பதை எடுத்துக்கொள் என்று கணினிக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

‘தற்போது தங்கியுள்ள இடம்’ என்ற நிரலில்தான் கோளாறு. முதல் வரி கணபதி. அவருடைய கட்டம் வெறுமை. கீழே பதினொரு குடும்பத்துக்கும் டிட்டோ. வெறுமைக்குக் கீழே டிட்டோ போட்டால் வெறுமைதானே வரும்? எரிச்சலோடு அழைப்பெடுத்தேன்.

“என்னத்துக்கு இப்பிடி எழுதி ஈக்கிறீங்க? கணபதி எங்க தங்கி ஈக்கிறார்?”

“அவரு மண்ணுக்குள்ள மிஸ். இன்னும் எடுக்கல. ஆளு கெடைக்காம பேர எடுக்காதீங்கன்னு அவரு தங்கச்சி பேச்சியம்மா அழுவுறாங்க. அதான் அந்த எடத்த மட்டும் விட்டுட்டேன்.”

என் குரல் அடங்கிப்போயிற்று. மற்றவர்களுக்காவது பாடசாலை என்று எழுதச் சொன்னேன். காலையில் அங்கிருந்தே கணினியில் எழுதுவதாக நிரோஷன் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அறிக்கையைத் திறந்தேன். வெளியே மழை விடாமல் பெய்தது. அடியில் பூச்சியம். அல்ஹம்துலில்லாஹ் என்று அனுப்பும் பொத்தானுக்குச் சுட்டியைக் கொண்டுபோனேன். எண்ணும் அறிக்கைக்கு எத்தனை என்றுதான் தெரியும், என்ன என்று தெரியாது. ஏதோ ஒரு நினைப்பில் மேலே போய்ப் பார்த்தேன்.

கணபதியின் கட்டத்தில் ‘மண்ணுக்குள்’ என்று இருந்தது. பேச்சியம்மா, மண்ணுக்குள். அடுத்த வரி, மண்ணுக்குள். பன்னிரண்டு வரியும் அப்படியே.

உடனே அழைப்பெடுத்தேன். “நிரோஷன், யார் இத எழுதினது?”

“நான் இன்னும் தொடவே இல்ல மிஸ். இங்க நேத்திலேருந்து கரண்டும் இல்ல.”

யார் எந்த நேரத்தில் எழுதினார்கள் என்று கணினிப் பதிவில் பார்த்தேன். நேரம் இருந்தது, காலை ஏழு மணி. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் பைத்தியம் என்பார்கள். சொல்லாமல் விட்டால்?

“அந்த பாடசாலைக்குப் பின்னால என்ன ஈக்கிது?”

“மண்மேடு மிஸ். ஏன்?”

“எல்லாரையும் வெளிய எடுங்க. இப்பவே. காரணம் கேக்காதீங்க.”

“இந்த மழையிலயா? சின்னப் புள்ளைங்க இருக்கு...”

“கத்துறாங்கன்னா கத்தட்டும். தூக்கிக்கிட்டு வாங்க!”

பட்டியலை அனுப்பாமல் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினொன்றே முக்காலுக்கு அழைத்தார். கோயில் மண்டபத்தில் இருக்கிறார்களாம். மண்மேடு பாடசாலைச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டதாம். எல்லோரும் இருக்கிறார்களா என்று கேட்டேன். ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பதினொரு குடும்பமும் சரியாக இருந்தது. நான் மேசையில் தலையை வைத்து அழுதேன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். அடியில் மறுபடி பன்னிரண்டு. நிரல் முழுக்க வெறுமை. டிட்டோக்களும் இல்லை. பதினொரு தடவை ‘கோயில் மண்டபம்’ என்று நானே என் கையால் அடித்தேன். முதல் வரியில் கை வைக்கவில்லை.

பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது, விடுபட்டது ஒன்று என்ற இலக்கத்தோடு பட்டியலை அனுப்பினேன். அந்த ஒன்றுக்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து உடனே அழைப்பு வந்தது.

“கணபதி இன்னும் வந்து சேரல்ல, சேர்,” என்றேன். “மத்த எல்லாரையும் அனுப்பிட்டார்.”