தார்ப்பாயில் ஒரு வெள்ளை ஒட்டு

தார்ப்பாய் தைக்கும் அந்தப் பட்டறையில் அவளுக்கு ஊமையக்கா என்று பெயர் வைத்தவள் குண்டூசி. உடம்பில் சதை என்று சொல்ல ஒன்றும் இல்லாததால் அவள் குண்டூசி. அந்தப் பெயரை வைத்தவர் துணி வெட்டுகிறவர். அவருக்குப் பெயர் வைக்கத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை. எல்லோருக்கும் அவர் மாமா.

ஊமையக்கா ஊமை இல்லை. பேசினால் தையல் கோணும் என்பாள். அதையும் யாராவது கேட்டால்தான் சொல்வாள்.

போர் தொடங்கியதிலிருந்து பட்டறையின் பேச்சே மாறிவிட்டது. முன்பெல்லாம் டீ நேரத்தில் மருமகள்களையும் மாமியார்களையும் மென்ற வாய்கள் இப்போது ட்ரோன்களை மென்றன. எது எவ்வளவு தூரம் பறக்கும், எது சத்தமே இல்லாமல் வரும், எது ஆள் இல்லாமல் தானே குறி பார்க்கும் என்று, வீட்டு மிக்ஸி நின்றுபோனால் தட்டிப் பார்ப்பதோடு சரியென்று இருப்பவர்கள்கூட விளக்கம் சொன்னார்கள். முதலாளி சுவரில் பெரிய டி.வி. ஒன்றை மாட்டினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த எதிரி நாட்டுக்குப் போன ட்ரோன்கள் எடுத்த படங்களுக்கு யார் யாரோ பாட்டுச் சேர்த்து வெளியிட்டார்கள். குண்டூசி அவற்றைச் செல்போனில் தேடிப் பிடித்து டி.வி.யில் போடுவாள்.

எல்லாம் மேலேயிருந்து எடுத்தவை. மரங்கள் கீரைக்கட்டு மாதிரியும் வீடுகள் தீப்பெட்டி மாதிரியும் தெரியும். நடுவில் ஒரு கூட்டல் குறி அசைந்துகொண்டே இருக்கும். அது எதன்மேல் நிற்கிறதோ, கொஞ்ச நேரத்தில் அது வெளுத்துப் போகும். வெளுத்ததும் கை தட்டுவார்கள். ஊமையக்கா மட்டும் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பாள். கை தட்டாமல் இருக்க அது ஒரு சாக்கு.

அந்தப் பக்கத்தில் அவளுக்குத் தம்பி இருந்தான். பெண் எடுத்தது அங்கே. லாரி ஓட்டுகிற வேலையும் அங்கேயே கிடைத்ததால் தங்கிவிட்டான். பாலம் திறந்திருந்தவரை அது ஒரு பேச்சே இல்லை. காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரம்தான். பாலத்தை அடைத்த பிறகு, அங்கே சொந்தம் இருந்தவர்கள் அந்தச் சொந்தத்தைத் தொற்றுவியாதி மாதிரி மறைத்தார்கள். மகளை அங்கே கட்டிக்கொடுத்திருந்த மூலைக்கடைக்காரரின் ஷட்டரில் யாரோ ‘துரோகி’ என்று பெயிண்டால் எழுதிவிட்டுப் போனார்கள். அவர் அதைத் தேய்த்துத் தேய்த்து, எழுத்து போகாமல், கடைசியில் ஷட்டரைப் பாதி ஏற்றியபடியே வியாபாரம் பார்த்தார். ஊமையக்கா தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். தம்பியைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பட்டறையில் அவனைத் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். அவரும் வாயைத் திறக்கவில்லை.

போருக்கு முந்தின மழைக்காலத்தில், மற்றவர்களெல்லாம் வீட்டுக்குப் போன ஒரு மாலையில், தம்பி பட்டறைக்கே வந்திருந்தான்.

“மாவு மூட்டை ஏத்துறேன்க்கா. மேல இருக்கிற தார்ப்பாய் சல்லடையா இருக்கு. ஒவ்வொரு மழைக்கும் மூட்டை நனைஞ்சு, பழி என் தலையில விழுது” என்றான்.

ராணுவ ஆர்டர் ஒன்று அப்போதுதான் முடிந்திருந்தது. மிச்சத்துணி மூலையில் கிடந்தது. பச்சை, நல்ல கெட்டி, சொட்டு நீர் இறங்காது. முதலாளியிடம் அவள் தானாகப் போய்க் கேட்டு வாங்கியது வாழ்நாளில் அது ஒன்றுதான். மாமா வெட்டிக் கொடுத்தார். பேச்சு சுவாரசியத்தில் அவர் கத்தி வழுக்கி, நட்டநடுவில் ஒரு கிழிசல் விழுந்தது. பச்சைத் துணி தீர்ந்துவிட்டது. அவள் வெள்ளைத் துணியில் ஒட்டுப் போட்டாள். சதுரமாகப் போட்டால் மூலையில் காற்றுப் பிடித்து உரிந்துவிடும் என்பதால் எப்போதும்போல இலை வடிவில் வெட்டித் தைத்தாள்.

“பச்சைச் சட்டைக்காரன் பல்லைக் காட்டுற மாதிரியே இருக்கு” என்றார் மாமா.

“இருக்கட்டும் மாமா. நூறு லாரி நின்னாலும் என் லாரி எதுன்னு கண்டுபிடிச்சிடலாம்ல” என்று தம்பி சிரித்தான்.

கயிறு மாட்டும் வளையங்களை அடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: “வழியில மூலை படபடன்னு அடிச்சா அப்படியே ஓட்டாதடா. இறங்கி இழுத்துக் கட்டிட்டுப் போ. ஒரு மூலை போச்சுன்னா மொத்தமும் போயிடும்.”

“சரிக்கா, சரிக்கா, சரிங்க்கா.”

“மூணு சரி சொன்னா ஒண்ணுகூடச் செய்யமாட்டேன்னு அர்த்தம்” என்றார் மாமா.

அவன் செய்தான்.

போர் தொடங்கிய பிறகு ஒரு நாள் டீ நேரத்தில் குண்டூசி, “இன்னைக்கு வந்தது வேற லெவல். எல்லாரும் வாங்க!” என்று கூவினாள். ‘எதிரியின் ஆயுத லாரி’ என்று எழுத்து வந்தது. ஆளில்லாத நீளமான சாலை. அதில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு பச்சைச் செவ்வகம் ஓரமாக நின்றது. உள்ளேயிருந்து எறும்பு அளவுக்கு ஓர் ஆள் இறங்கினான். பின்பக்கம் போய், படபடத்த மூலையைப் பிடித்து இழுத்துக் கட்டத் தொடங்கினான்.

“அடேய், தலைக்கு மேல எமன் நிக்கிறான்டா! இவன் கயிறு கட்டிக்கிட்டு இருக்கான் பாரு, லூசு!” என்று குண்டூசி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“நல்லா இறுக்கிக் கட்டுப்பா, காத்து வரப்போகுது!” என்றார் மாமா. பட்டறையே குலுங்கியது.

திரை வெளுத்தது. கை தட்டினார்கள்.

ஊமையக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். “இன்னொரு தடவை போடு” என்றாள்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “பார்றா! நம்ம ஊமைக்கே சூடு ஏறிடுச்சு. போடும்மா, போடு.”

மறுபடி போட்டார்கள். அவள் டி.வி.க்குக் கீழே போய் நின்றாள். மேலேயிருந்து தெரிகிற தார்ப்பாய் மற்றவர்களுக்குப் புதுசு. அவளுக்கு அது தரையில் விரித்துப்போட்டு, நின்று பார்த்துச் சரி செய்யும் தார்ப்பாய். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. இந்தப் பக்கம் கூர், அந்தப் பக்கம் கூர், நடுவில் புடைப்பு.

“இன்னொரு தடவை.”

இந்த முறை மாமாவின் கைகள் தட்டுவதற்கு உயர்ந்து பாதியில் நின்றன. திரை வெளுத்தபோது அவர் டி.வி.யைப் பார்க்கவில்லை, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நிறுத்துங்க. போய் வேலையைப் பாருங்க எல்லாரும்.”

“என்ன மாமா, அதுக்குள்ள நாட்டுப்பற்று தீர்ந்துபோச்சா?” என்றார் முதலாளி.

“தீர்ந்துபோச்சு.”

அவள் மெஷினுக்குத் திரும்பியபின், மாமா ஊசியைப் பார்ப்பதுபோல அதன் பக்கம் குனிந்தார். “அது நம்ம பையன் வண்டிதானே?”

“இல்ல மாமா.”

“நான் கிழிச்சது எனக்குத் தெரியாதாம்மா?”

“மெதுவா பேசுங்க.” அவள் கால் மிதியிலிருந்து எழவில்லை. தையல் கோணாமல் போய்க்கொண்டிருந்தது. “ராணுவப் பச்சையை நான்தான் மாமா கேட்டு வாங்கினேன்.”

மாமா தன் வெட்டு மேசைக்குத் திரும்பிப் போனார்.

தம்பியின் எண் அடிக்கவே இல்லை. தம்பி மனைவிக்கு அனுப்பிய செய்தி போய்ச் சேராமலே நின்றது. வேறு வண்டியாக இருக்கும், வெள்ளை ஒட்டு உலகத்தில் எத்தனையோ இருக்கும், இரவல் வாங்கி வேறு எவனாவது ஓட்டியிருப்பான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் முன்னும் பின்னும் செல்போன்களில் அதே பாட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், மடியில் காய்கறிப் பையும் நல்ல முகமுமாக இருந்தவள், செல்போனை அவள் பக்கம் நீட்டினாள். “இதைப் பார்த்தீங்களா? என்னமா குறி வைக்கிறாங்க! ஒரு ரூமுக்குள்ள உட்கார்ந்தே அடிச்சிடறாங்களாம்.”

“பார்த்தேன்” என்றாள்.

“கயிறு கட்டுற இடம்தான் சிரிப்பு.”

“ஆமா” என்றாள். வீட்டில் சோற்றைப் பிசைந்தவள் அப்படியே வைத்துவிட்டாள்.

சில நாள் கழித்து, வேலை நடுவில் செல்போன் அதிர்ந்தது. துணிக்கட்டுகள் அடுக்கிய அறைக்குள் போய்க் காதோடு வைத்துக் கேட்டாள். தம்பி மனைவியின் குரல்.

“அண்ணி, இப்பதான் சிக்னல் கிடைச்சுது. அவர் மாவு ஏத்திக்கிட்டுப் போனார் அண்ணி. மழை வர்ற மாதிரி இருந்துச்சாம். மூலை அவுந்து அடிக்குதுன்னு இறங்கினாராம், பின்னால வந்த லாரிக்காரங்க சொன்னாங்க. மாவு ரோடெல்லாம் கொட்டிக் கிடந்துச்சாம். அண்ணி, நீங்க அழாதீங்க. உங்களை அங்க யாராவது ஏதாவது சொல்லுவாங்க.”

அவள் துணிக்கட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். புதுத்துணி வாடை மூக்கில் ஏறியது. நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அது புது ராணுவ ஆர்டருக்கு வந்திறங்கிய பச்சைத் துணி.

வெளியே வந்தால் குண்டூசி காத்துக்கொண்டிருந்தாள். “அக்கா, எங்க அப்பாவோட காய்கறி வண்டிக்கு ஒரு மேல்துணி தச்சுத் தாயேன். இந்தப் பச்சையில மிஞ்சினதை எடுத்துக்கன்னு முதலாளி சொல்லிட்டாரு.”

“பச்சை வேணாம்.”

“ஏன்க்கா? எவ்ளோ கெட்டி!”

“வேணாம்னா வேணாம்டி!”

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. அவளுக்கே அது வேறு யாருடைய குரலோபோல இருந்தது. மூலைக்கடை ஷட்டர் ஒரு கணம் கண்ணில் வந்து போனது.

“அன்னைக்கு டி.வி.யில பார்த்தோமே ஒரு லாரி, அந்தத் தார்ப்பாய் நான் தச்சது. இதே மெஷின்ல. கயிறு கட்டினானே லூசு, அவன் என் தம்பி.”

குண்டூசி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளிதான் முதலில் தொண்டையைச் செருமினார். “வருத்தம்தான்மா. ஆனா உள்ள மாவுதான் இருந்துச்சுன்னு நாம என்னத்தைக் கண்டோம்?”

“நனைஞ்சிடுமேன்னு இறங்கிக் கட்டினான் முதலாளி. வேற என்னவாவது இருந்தா, நடுவழியில நிறுத்திக் கட்டுவானா?”

அவர் டி.வி. பக்கம் பார்த்தார். பிறகு செல்போனில் யாரோ கூப்பிட்டதுபோல வெளியே போய்விட்டார். கடைசி வரிசையில் இரண்டு பேர் தலையை ஒட்டி வைத்து ஏதோ முணுமுணுத்தார்கள். நாளைக்கு இந்தப் பேச்சு தெருவுக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். போகட்டும் என்று இருந்தது. பெற்ற தாய்க்குப் பிறகு அவனுக்கென்று இந்தப் பக்கத்தில் இருந்தது அவள் ஒருத்தி. அவளும் இல்லையென்று சொல்லிவிட்டால் அவன் வெறும் எறும்பாகவே போய்விடுவான்.

மாமா கேட்காமலே துண்டுத்துணி மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். சிவப்பு, மஞ்சள், கட்டம் போட்டது, பழைய விளம்பர பேனர், குழந்தைகளின் கூடாரத்தில் மிஞ்சிய பூப்போட்ட துணி. அவள் ஒன்றோடு ஒன்றை இணைத்துத் தைத்தாள். கண்ணை உறுத்தியது. குண்டூசியின் அப்பா அதைப் பார்த்தால், சர்க்கஸ் வண்டியா என்று கேட்பார்.

“மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு இது ராணுவ வண்டி இல்லன்னு தெரியும்லக்கா?” என்று குண்டூசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

“தெரியாதுடி. ஏதோ, நம்ம மனசுக்கு.”

முடித்து, மடித்துக் கொடுத்தபின் ஊமையக்கா தன் செல்போனை நீட்டினாள். “அந்த வீடியோவை எனக்கு அனுப்பு.”

“ஐயோ, எதுக்குக்கா? நான் என்கிட்ட இருந்ததை அன்னிக்கே...” பொய் சொல்ல வராமல் நிறுத்தினாள். “அழிச்சிடறேன்க்கா. இப்பவே.”

“அனுப்பிட்டு அழி.”

இப்போது அது அவள் செல்போனில் இருக்கிறது. பாட்டுச் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறாள். லாரி ஓரமாக நிற்கும். தம்பி இறங்குவான். மூலையை எட்டிப் பிடிப்பான். கயிற்றை வளையத்தில் நுழைத்து, உடம்பை முழுசாகச் சாய்த்து இழுப்பான், அவள் சொல்லிக்கொடுத்தது போலவே. அந்த இடத்தில் கட்டை விரலை வைத்து நிறுத்திவிடுவாள். முடிச்சு இன்னும் விழுந்திருக்காது.