வளர்ற பிள்ளைக்கு ரெண்டு இன்ச்

1

வரிசை மாறி நின்றதில் கிடைத்த கதை இது. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போன நான், ஊர்வன வளர்ப்பதற்கு உரிமம் தரும் ஜன்னல் முன் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். எனக்கு முன்னால் கழுத்தில் இன்ச் டேப்போடு ஒரு பெண். உள்ளே இருந்தவரிடம் அவள் சொன்ன ஒரே ஒரு வாக்கியம்தான் என் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

பெட்டியின் மூடி திறந்திருந்தது. பாம்பை

(வேண்டாம். பாம்பு என்றதும் பயமுறுத்தக் கை பரபரக்கிறது.)

அவள் தையல்காரி. ஒற்றை அறை வீடு. ஒரு பக்கம் மெஷின், மறுபக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் நாடா என்கிற மலைப்பாம்பு. "ரெண்டு நாள் பாத்துக்கங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் விட்டுப்போய் மூன்று வருடம் ஆகிறது.

"கை டைட்டு, கழுத்து லூசுன்னு குறை சொல்லாத ஒரே ஜீவன் இதுதாண்ணே" என்பாள் அண்ணனிடம்.

(அண்ணன் தேவையா என்று எனக்கு இன்னும் சந்தேகம். ஆனால் படிவம் நிரப்ப ஓர் ஆள் வேண்டுமே.)

படிவம் நீளத்தைக் கேட்டது. அவள் பாம்பின் முதுகோடு நூலை ஓட்டி, நூலை டேப்பில் வைத்து, "அஞ்சு அடி ஒரு இன்ச்சு" என்றாள். அண்ணன் எழுதினார். ஐந்து அடியைத் தாண்டினால் தனி அறை வேண்டும், இல்லாவிட்டால் பாம்பை எடுத்துப்போய்விடுவார்கள் என்பது பின்பக்கத்தில் இருந்தது. பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

பத்தாம் நாள் கடிதம் வந்தது. ஆய்வாளர் வருகிறார், தனி அறையைக் காட்டவும். அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

3

ஆய்வாளரை முதலில் கடுகடுப்பானவராக எழுதினேன். ஒட்டவில்லை, அடித்துவிட்டேன். இப்போது வருகிறவர் முட்டிவலிக்கார அம்மாள். வந்ததும் உட்கார நாற்காலி கேட்டார்.

"நீயே அளம்மா, நான் பாக்கறேன்."

அவள் அளந்து நூலைக் கத்தரித்தாள்.

"வால் அங்கயே முடிஞ்சிருச்சே. அதுக்கு மேல எதுக்கு நூலு?"

"வளர்ற பிள்ளைக்கு ரெண்டு இன்ச் விட்டுத்தான் மேடம் அளப்பேன். கைப்பழக்கம்."

(ஜன்னலில் கேட்டது இதுதான். அதற்குள் என்னை வேறு வரிசைக்கு விரட்டிவிட்டார்கள்.)

ஆய்வாளர் நூலை வாங்கி, வால் முடிந்த இடத்தை நகத்தால் அழுத்திப் பிடித்து, டேப்பில் வைத்தார்.

"நாலு அடி பதினொண்ணு. இதுக்கு எதுக்கும்மா தனி ரூம்?"

அண்ணன் சுவரில் சாய்ந்து சிரித்தார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. எழுதிக்கொண்டிருந்த எனக்கும்தான்.

4

ஆனால் நாடா வளரும். பாக்கி ஒரே ஒரு அங்குலம். அடுத்த வருடம்?

முடிவு ஒன்று: அண்ணன் தன் வீட்டு அறையை ஒழித்துத் தருகிறார்.

முடிவு இரண்டு: வெறும் பெட்டியை அவள் துடைத்து

(இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.)

ஆய்வாளர் படியிறங்கும்போது அவளே கேட்டாள். "வளந்துட்டா என்ன மேடம் பண்றது?"

"வளரட்டும், அப்பப் பாத்துக்கலாம். இன்னைக்கு அளவுக்கு இன்னைக்கு உரிமம்."

நானும் இன்றைய அளவுக்குத்தான் தைத்திருக்கிறேன். ஓரத்தில் இரண்டு அங்குலம் உள்ளே மடிந்திருக்கிறது. பத்தாதவர்கள் பிரித்து விட்டுக்கொள்ளுங்கள்.