பெட்டி யாருக்கு

எடிட்டிங் அறையில் திரைச்சீலை எப்போதும் மூடியே இருக்கும். வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. ஏரியின் மேல் மூடுபனி நகரும் காட்சியை நாள் முழுக்க ஓட்டிக்கொண்டிருப்பேன். படகு வரும். கரையைத் தொடும் முன் நிறுத்தி, மறுபடி பனிக்குள்ளேயே அனுப்பிவிடுவேன். அப்படியே கண் சொருகும்.

அழைப்புமணி அடித்தால் வாண்டு வந்துவிட்டாள் என்று அர்த்தம். வாண்டு என் நாத்தனார். சரியாகச் சொன்னால், முன்னாள் கணவரின் தங்கை. விவாகரத்துக்குப் பிறகு அந்த வீட்டார் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் என்னை மறந்துபோனார்கள். இவள் மட்டும் கூட வேலை செய்வதையும் விடவில்லை, அண்ணி என்று கூப்பிடுவதையும் விடவில்லை.

நான் காட்சிகளை வெட்டி ஒட்டுவேன், அவள் நிறம் திருத்துவாள். எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்கில். அதைத் துண்டில் சுற்றிப் பச்சைக் குழந்தையைப் போல வாங்கிப்போவாள், முடித்ததும் கொண்டுவருவாள். வந்தால் செருப்பைக் கழற்றும் முன்பே பேச்சு ஆரம்பிக்கும். கிளம்புகிறேன் என்று சொன்ன பிறகும் வாசலில் நின்று பேசுவாள். அந்தப் பேச்சில்தான் என் வாரம் நகர்ந்தது.

ஒருநாள் டிஸ்க் கைதவறி விழுந்தது. நல்லவேளை, பிழைத்தது. அன்றிலிருந்து வாண்டுவுக்கு ஒரே பிடிவாதம், நெட்வொர்க் ஸ்டோரேஜ் வாங்கிவிடலாம் என்று. பெட்டிக்குள் பல டிஸ்க் இருக்குமாம், ஒன்று போனாலும் படம் போகாதாம், இருவரும் அவரவர் மேசையிலிருந்தே திறக்கலாமாம். எதையும் தூக்கித் திரிய வேண்டாமாம்.

தூக்கித் திரிய வேண்டாம் என்றால் இவள் எதற்கு வருவாள்? எனக்குப் பயமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவா முடியும்? பெட்டி இரையும் என்றேன், சூடாகும் என்றேன், பெரிய ஸ்டுடியோக்களுக்குத்தான் சரிப்படும் என்றேன். நொண்டிச் சாக்கு சொல்வதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் எதிர்த்துப் பேசவில்லை. முடிவு என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு, நெட்வொர்க் வேலை செய்பவர் ஒருவரைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள்.

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். இனி மழுப்ப முடியாது என்று நானே கேட்டேன்.

"பெட்டி இங்க இருந்தா, இவ அவ வீட்டுலேர்ந்தே வேலை பாக்கலாம், இல்லையா?"

"நிறம் திருத்த அசல் காட்சி வேணுமே. அவ்வளவு பெருசை இன்டர்நெட்ல இழுத்தா நின்னு நின்னுதான் ஓடும். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல ஒயர்ல இருந்தாத்தான் உங்களுக்கு இது சரிவரும்" என்றார். "இவங்க போன்லயே சொல்லிட்டாங்களே, ரெண்டாவது மேசை இந்தச் சுவரோரம்னு."

இந்தத் தொழிலில் இருந்துகொண்டு எனக்கு அது தோன்றவே இல்லை. பயம் யோசிக்க விட்டால்தானே. திரும்பிப் பார்த்தேன். வாண்டு துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கும் அண்ணனுக்கும் ஒத்துவரலை. நமக்கு என்ன வந்துச்சு?" என்றாள். "தினமும் வரேன் அண்ணி. வேண்டாம்னா சொல்லிடுங்க."

பெட்டி வாங்கிவிடலாம் என்று அவரிடம்தான் சொல்ல முடிந்தது. பிறகு திரைப் பக்கம் திரும்பி, நின்றிருந்த காட்சியை ஓடவிட்டேன். படகு கரையைத் தொட்டது.

"இதுல நீலம் அதிகம் அண்ணி" என்று சொல்லிக்கொண்டே வாண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.