பழந்தண்ணீர்

வெள்ளிக்கிழமை காலையில், லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்சின் பின்முற்றத்தில், மருமகளின் மீன்களை எவர்சில்வர் வாளி ஒன்றில் நீந்தவிட்டு, தாயம்மாள் கண்ணாடித் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேங்காய் நாரும் பாத்திரம் துலக்கும் பொடியும் போட்டுத் தேய்த்ததில் கண்ணாடி இருப்பதே தெரியாமல் போயிற்று. தொட்டியின் அடியில் கிடந்த கறுப்பு மண்ணை அரிசி களைவதுபோலக் களைந்தாள். கழுநீர் தெளிகிற வரைக்கும் விடவில்லை. தண்ணீரை வடிகட்டும் சிறு கருவிக்குள் ஒரு பஞ்சு இருந்தது. அது பழுப்பேறிக் கொழகொழவென்றிருந்ததைப் பார்த்து முகம் சுளித்தவள், அதையும் கசக்கிப் பிழிந்து கொடியில் மாட்டினாள். அந்த வீட்டில் ராத்தங்கின தண்ணீர் எந்தப் பாத்திரத்திலும் இருப்பதில்லை. காலையில் குழாய் இருமத் தொடங்கியதும் குடம், அண்டா, தவலை எல்லாம் கவிழ்க்கப்பட்டு, துலக்கப்பட்டு, புதுத் தண்ணீருக்கு வாய் திறந்து காத்திருக்கும். வாரக்கணக்காக ஒரே தண்ணீரைத் தேக்கிவைத்திருந்தது இந்தத் தொட்டி ஒன்றுதான்.

பட்டறைக்குப் புறப்பட்ட உலகநாதன் சாப்பாட்டு டப்பாவோடு முற்றத்தில் நின்று மனைவியை வேடிக்கை பார்த்தார்.

"மீனக் குளிப்பாட்டின பொம்பள லோகத்துலயே நீ ஒருத்திதாண்டி."

"நீ போய்யா. அந்தப் பொண்ணு தூங்கி எந்திரிச்சிப் பாத்தா சந்தோஷப்படும்."

அவள் சொன்னது உண்மை. அந்தப் பெண்ணைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்பதைத் தவிர அன்று தாயம்மாளுக்கு வேறு நோக்கமே இல்லை. மகன் நந்தகுமாரும் ஜெஸ்ஸியும் மாதாப்பூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள்; ஜெஸ்ஸிக்கு இரவுப் பணி, பகலில் தூக்கம். பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றபோது தாயம்மாள் ஆரத்தி எடுத்தாள். மனத்தில் இருந்த வருத்தத்தை ஆரத்தி நீரோடு வெளியே கொட்டிவிட்டதாகத்தான் நினைத்தாள். ஆனால் ஜெஸ்ஸி அந்த வீட்டில் விருந்தாளியைப் போலவே இருந்தாள். குளிர்பெட்டியைத் திறப்பதற்கும் "அத்தம்மா, எடுத்துக்கட்டுமா?" என்று கேட்பாள். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்வாள். அவள் யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் கொண்டுவந்த முதல் பொருள் இந்தத் தொட்டி. மண் பரப்பி, நாடாவைப் போல நீண்ட இலைச் செடிகளை நட்டு, ஒரு கல்லின்மேல் பாசியை நூலால் கட்டிவைத்தாள். பிறகு வாரக்கணக்காக ஒரு மீனும் விடாமல் அதன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பெண்கள், "என்னக்கா, மருமக தண்ணிய வளக்குதா?" என்று சிரித்தார்கள். கடைசியில் ஒருநாள் கப்பி மீன்களை வாங்கிவந்து விட்டபோது ஜெஸ்ஸி முதன்முறையாக அந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை இன்னொரு முறை கேட்கத்தான் தாயம்மாள் தொட்டியைத் துலக்கினாள்.

அன்று மாலை ஜெஸ்ஸி தாமதமாக எழுந்து, தொட்டியைப் பார்க்காமலே பணிக்கு ஓடினாள். மறுநாள் காலையில் மீன்கள் எல்லாம் பளிங்குபோன்ற தண்ணீரின்மேல் பக்கவாட்டில் மிதந்தன. பணி முடிந்து கம்பெனி வண்டியிலிருந்து இறங்கி வந்த ஜெஸ்ஸி கைப்பையைக்கூட வைக்காமல் தொட்டியின் முன்னால் நின்றாள். தாயம்மாள் வசவுக்குக் காத்திருந்தாள். வசவு வந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"பரவால்ல அத்தம்மா. நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீங்க."

அவ்வளவுதான். வீட்டுக்காரர் கைதவறித் தன் சேலையில் காப்பியைக் கொட்டினால் விருந்தாளி சொல்கிற வார்த்தை அது. அன்று மாலையே ஜெஸ்ஸி தொட்டியைத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நந்தகுமார் சாப்பிட்டுக்கொண்டே, கூக்கட்பள்ளிப் பக்கம் ஒரு ஃப்ளாட் பார்த்திருப்பதாகவும், அங்கிருந்து ஆபீஸ் கிட்டத்தில் என்றும் சொன்னான். அவன் தட்டைப் பார்த்துச் சொன்னான்; ஜெஸ்ஸி சுவரைப் பார்த்தாள். ஆபீஸ் கிட்டமா தூரமா என்பதல்ல சங்கதி என்று தாயம்மாளுக்குப் புரிந்தது. இந்தப் பெண் இந்த வீட்டில் வேர் பிடிக்க ஒரு முறை முயன்றாள். அந்த வேரைத் தானே கழுவிக் கொடியில் உலர்த்திவிட்டோம்.

இரண்டு நாள் பொறுத்துப்பார்த்துவிட்டு, மருமகள் கண்விழித்துத் தேநீர் குடிக்கும் நேரத்தில் தாயம்மாள் அவள் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"திட்டணும்னா திட்டு. ஆனா எதுனால செத்துச்சின்னு சொல்லு."

ஜெஸ்ஸி தயங்கினாள். "அது... நீங்க கழுவினது அழுக்கு இல்ல அத்தம்மா. அந்தப் பஞ்சுல, மண்ணுல, கண்ணுக்குத் தெரியாத ஜீவனுங்க இருக்கும். மீனு போடற கழிவு வெஷமா மாறும். அத இதுங்கதான் சாப்ட்டு சரி பண்ணும். அதுங்க பெருகறதுக்குத்தான் அத்தன வாரம் வெயிட் பண்ணேன். கொழாத் தண்ணில இருக்கற மருந்து வேற அதுங்களக் கொன்னுடும்..."

தாயம்மாள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "உறை மோரு மாதிரியா?"

"என்னது?"

"பால எத்தினி சுத்தமா வெச்சாலும் அது தானா தயிராவாது. நேத்தித் தயிர்ல ஒரு சொட்டு வேணும். அந்தச் சொட்டத்தான் நான் கழுவிக் கொட்டிட்டேன்."

ஜெஸ்ஸியின் கண்கள் விரிந்தன. "ஹவ், ஆமா அத்தம்மா! அதேதான்."

"அப்ப எதுக்கு வாரக்கணக்கா காத்துக் கெடக்கணும்? உறை யார் வூட்டுலயாவது கேட்டு வாங்கறதுதான?"

"நெட்லயும் அப்டிதான் போட்டிருக்கு. பழைய தொட்டி வெச்சிருக்கறவங்ககிட்ட அந்த அழுக்க வாங்கிக்கலாம்னு. ஆனா யார்கிட்ட போய்..." அவள் கூச்சத்துடன் சிரித்தாள். "உங்க அழுக்கு கொஞ்சம் குடுங்கன்னு எப்டி கேக்கறது?"

புதிதாக வெட்டிய குளம் ஒன்றைப் பற்றிக் கதை உண்டு. இந்தக் குளம் என்னால்தான் குளமாயிற்று என்றது தாமரை. நீ வருமுன்னே துள்ளியவன் நான் என்றது மீன். வழக்கு கொக்கிடம் போயிற்று. கொக்கு ஒற்றைக்காலில் நின்று யோசித்துவிட்டு, "உங்கள் இருவருக்கும் முன்னால் இங்கே வந்தவர் யாராவது உண்டா?" என்று கேட்டது. இருவரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள். கொக்கின் காலடியில் கிடந்த சேறு அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் யாரும் அதனிடம் கேட்காததால் அது ஒன்றும் சொல்லவில்லை.

தாயம்மாள் கேட்கப் புறப்பட்டாள். மெட்டுகூடாவில் ஒரு பல் மருத்துவமனை உண்டு. உலகநாதனின் கடைவாய்ப்பல்லைப் பிடுங்க அங்கே போனபோது, காத்திருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்படி சுவரோரம் ஒரு பெரிய மீன்தொட்டி இருந்ததையும், அதன் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்ததையும் அதை அப்போது இளக்காரமாக நினைத்ததையும் அவள் மறக்கவில்லை. மூடி இறுகிய ஒரு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டாள். விளக்கு வைத்த பிறகு யாரும் உறை மோர் தரமாட்டார்கள் என்பதால் பிற்பகல் வெயிலிலேயே நடந்தாள்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண், "நொப்பியா அம்மா? எந்தப் பல்லு வலிக்குது?" என்று தெலுங்கும் தமிழுமாக விசாரித்தாள்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஒங்க மீன் தொட்டி அழுக்கு கொஞ்சம் வேணும்."

அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். "கச்ராவா? அழுக்கா? கைக்கு... எதுக்கு?"

"உறை ஊத்தறதுக்கு."

கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நோயாளிகள் வலியை மறந்து திரும்பிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து வந்த டாக்டர் ஸ்மிதா நின்று முழுக்கதையையும் கேட்டார். தாயம்மாள் மறைக்கவில்லை. மீனைக் குளிப்பாட்டியது, மருமகள் பரவாயில்லை என்றது, கூக்கட்பள்ளி ஃப்ளாட், எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் கலந்து சொன்னாள். கேட்டு முடித்த டாக்டர் கையுறையோடேயே தொட்டியின் வடிகட்டியைக் கழற்றி, பஞ்சை அந்த டப்பாவுக்குள் பிழிந்தார். கரும்பழுப்பாக, சேற்றுக் குழம்பாக வழிந்தது. ஒரு துண்டுப் பஞ்சையும் வெட்டிப் போட்டார். தாயம்மாள் அதை இரு கைகளாலும் கோயில் பிரசாதம்போல வாங்கி, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, ஆட்டோவில் ஏறாமல், குலுங்காமல், வீடுவரை நடந்தாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து தொட்டி வெளியே வந்தது. இந்த முறை மண்ணை ஜெஸ்ஸி பரப்ப, செடிகளை இருவருமாக நட்டார்கள். ராத்தங்கின தண்ணீரே இல்லாதிருந்த வீட்டில், மருந்து வீரியம் போகட்டும் என்று ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் மூலையில் திறந்து நிற்கத் தொடங்கிற்று. அதைக் கவிழ்க்கப்போன உலகநாதன் வாங்கிய வசவு பக்கத்து வீடுவரை கேட்டது. "என் சம்சாரம் பழந்தண்ணிக்குக் காவல் நிக்குது" என்று அவர் பட்டறையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தண்ணீர் முதலில் கலங்கிற்று. பிறகு, ஒரு காலைப்பொழுதில், யாரும் தொடாமலேயே தெளிந்தது. ஜெஸ்ஸி சிறு குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டுச் சோதித்தாள். தாயம்மாள் கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்து எட்டிப்பார்த்தாள்.

"வெஷம் இல்ல அத்தம்மா. சுத்தமா இல்ல!"

அடுத்த நாளே கப்பிகள் வந்தன. அவற்றுக்கு உணவிடும் வேலையைத் தாயம்மாள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. செடிகள் புது இலை விட்டன. கல்லில் கட்டிய பாசி நூலை மூடிக்கொண்டு வளர்ந்தது. ஜெஸ்ஸி இப்போது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆனால் ஃப்ளாட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பொங்கலுக்குள் பதில் சொல்வதாக நந்தகுமார் ஃப்ளாட்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

போகிக்கு முதல்நாள் பெரம்பூரிலிருந்து தாயம்மாளின் தங்கை பகவதி வந்து இறங்கினாள். மறுநாள் விடிந்ததும் வீடே தெருவுக்கு வந்துவிட்டது. கட்டில், அலமாரி, பாய், தலையணை எல்லாம் வெளியே. உள்ளே சுண்ணாம்பு அடித்து, தரையைக் கழுவித் தள்ளினார்கள். பழையன எல்லாம் கழிந்த அறையில் தொட்டி ஒன்றுதான் மேசைமேல் எஞ்சியிருந்தது. பகவதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் குவளையோடு அதை நெருங்கினாள்.

"இன்னாக்கா, வூடு பூரா கழுவிட்டு இத மட்டும் பாசி புடிக்க வுட்டு வெச்சிருக்க? நகரு, ஒரு நிமிஷம். மொண்டு ஊத்திட்டு நல்ல தண்ணி ரொப்பிடறேன்."

தாயம்மாள் ஈரத்தரையில் வழுக்காத குறையாக ஓடிவந்து குறுக்கே நின்றாள். "கைய எடு."

"போகி அன்னிக்கி எவளாவது பழந்தண்ணிய வூட்டுல வெப்பாளா?"

"நான் வெப்பேன். மோந்து பாருடி. நாறுதா?"

பகவதி குனிந்து முகர்ந்தாள். நாறவில்லை. கோடையின் முதல் மழை விழுந்த மண் வாசனை வந்தது. அவள் விடுவதாக இல்லை. "வாசன வந்தா அழுக்கு இல்லன்னு ஆயிடுமா?"

"நக்கோ பகவதி, கிட்ட போவாத," என்றார் வாசலில் வெள்ளையடித்துக்கொண்டிருந்த உலகநாதன். "ஒங்க அக்கா ஒரு தடவ குளிப்பாட்டிப் பட்டவ."

"நீ சும்மா இருய்யா." தாயம்மாள் தங்கையின் கையிலிருந்து குவளையைப் பிடுங்கினாள். "இது எங்க ஜெஸ்ஸியோட தொட்டி. இந்த வூட்டுல நான்கூட அவளக் கேக்காம இதுல வெரல் வெக்கறதில்ல. ஒனக்கு இன்னா வந்துச்சி?"

வண்டியிலிருந்து இறங்கி வந்த ஜெஸ்ஸி வாசற்படியில் நின்று அதைக் கேட்டாள். பகவதி முனகிக்கொண்டே விலகினாள். திரைச்சீலையும் அலமாரியும் இல்லாததால் காலைவெயில் முன்பு எட்டாத அந்த மூலைவரை வந்து, தொட்டியை ஊடுருவிக்கொண்டிருந்தது. ஜெஸ்ஸி செருப்பை உதறிவிட்டு வந்து, ஈரத்தரையில் மண்டியிட்டாள். அடுத்த நொடி தாயம்மாளின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"அத்தம்மா, பாசிகிட்ட பாருங்க. குட்டி!"

தாயம்மாள் அவளருகே மண்டியிட்டுக் கண்களைச் சுருக்கினாள். பகவதியும் தன் கோபத்தை மறந்து இருவர் தோள்களுக்கு நடுவே தலையை நீட்டினாள்.

நந்தகுமார் காதிலிருந்த கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு வாசலில் எட்டிப்பார்த்தான். "ஜெஸ்ஸி, ஃப்ளாட்காரர் லைன்ல இருக்காரு. என்ன சொல்லட்டும்?"

"கத்தாத நந்தா," என்றாள் அவள் திரும்பாமலேயே. "குட்டிங்க பயப்படுது."

வெயில் பட்ட இலைகளின் விளிம்பெல்லாம் வெள்ளி மணிகளாகக் குமிழிகள் அரும்பி, கோவை கோவையாக மேலே போய்க்கொண்டிருந்தன. பாசியின் பச்சைக்குள்ளிருந்து, இரண்டு கண்களும் ஒரு நூல்வாலுமாக ஒரு மீன்குஞ்சு வெளியே வந்தது. எதிரே வந்த குமிழியை முட்டியது, திகைத்துப் பின்வாங்கியது, பிறகு அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதன் பின்னாலேயே வெளிச்சத்தை நோக்கி ஏறியது.