நூற்று நாற்பத்தொரு பவுண்டு

ஹார்மன் டெக்கரின் வாக்கு 1864ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி சனிக்கிழமை காலை ஸ்டோனிகில்லுக்கு வந்து சேர்ந்தது. அதன் எடை நூற்று நாற்பத்தொரு பவுண்டு. பார்வைக்குச் சாதாரணக் காகித உறைதான். உள்ளே இன்னோர் உறை, அதனுள் மடித்த சீட்டு. அன்று தபால் வண்டியில் அப்படி முப்பத்தோரு உறைகள் இருந்தன. ஊருக்கு வெளியே மரப்பாலத்தில் வண்டியின் அச்சு முறிந்ததால் அங்கிருந்து ஒவ்வோர் உறையையும் இரண்டிரண்டு பேராகத் தூக்கி வந்தார்கள். போர்முனையில் இருக்கும் நியூயார்க் மாநிலத்துச் சிப்பாய்கள் ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்க அந்த வருடம்தான் சட்டம் வந்திருந்தது. சிப்பாய் தன் சீட்டை உறையிலிட்டு முத்திரை வைத்து, சொந்த ஊரில் ஓட்டுரிமை உள்ள ஒருவர் பெயரை மேலே எழுதி அனுப்புவான். அந்த ஆள் தேர்தலன்று தன் கையால் அதை அதிகாரிகளிடம் கொடுக்கவேண்டும். உறை அதை அனுப்பியவனின் எடை இருக்கும் என்று சட்டத்தில் சொல்லவில்லை. இருக்காது என்றும் சொல்லவில்லை. தபால் அலுவலர் ஓபடையா குரூம் விதிப் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் சாதாரணக் கடிதமாகவே பதிந்துகொண்டார்.

ஊரில் மேடைத் தராசு இருந்தது எவர்ட் டெக்கரின் மாவு மில்லில் மட்டுமே. ஆகவே எல்லா உறைகளும் அங்கேதான் நிறுக்கப்பட்டன. ஒரு காலை இழந்தவனின் உறை அந்தக் காலின் அளவுக்குக் குறைந்திருந்தது. படைச் சமையற்காரனாக இருந்த ஒருவனின் உறை இருநூறைத் தாண்டியது. அவன் மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்து, "இங்க இருந்தப்ப நான் போட்ட சோறு எங்க போச்சுன்னு இப்பத்தான தெரியுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான்காம் நாள் காலை உணவின்போது ஒரு பெண்ணின் மேசை மேலிருந்த உறை ஜன்னல் காற்றில் பறந்து கீழே விழுந்தது. காகிதத்தின் எடைதான் அதில் இருந்தது. அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். கணவன் இறந்த தந்தி ஒன்பது நாள் கழித்து வந்தபோது அதைப் பிரிக்கக்கூட இல்லை. அதன்பின் உறைகளைப் பற்றி யாரும் சிரிக்கவில்லை.

ஹார்மனின் உறை மில்லிலேயே தங்கிவிட்டது. தராசின் மேல் வைத்தது வைத்தபடி. அதில் எழுதியிருந்த பெயர் அவன் அப்பா எவர்ட்டினுடையது. எவர்ட்டுக்கு அறுபத்து மூன்று வயது, குடலிறக்கம் வேறு. மூட்டை தூக்குவதை விட்டு ஏழு வருடமாகியிருந்தது. மற்றச் சிப்பாய்களில் பலர் பெரிய யோசனை ஏதுமின்றிக் கொல்லர் பெயரை எழுதியிருந்தார்கள்; அவர் பதினோரு உறைகளைச் சுமக்கத் தயாராக இருந்தார். ஹார்மன் மட்டும் தனிக் கடிதம் ஒன்றில் காரணம் எழுதியிருந்தான். அப்பா யாருக்குப் போடுவார் என்பது தனக்குத் தெரியும், தான் யாருக்குப் போட்டிருக்கிறேன் என்பது அப்பாவுக்கும் தெரியும், ஆனாலும் வேறு யார் பெயரையும் எழுத மனம் வரவில்லை என்று.

மகனின் வாக்கு ஜனாதிபதிக்குத்தான் என்று எவர்ட்டுக்குத் தெரியும். ஜனாதிபதி லிங்கன் ஜெயித்தால் போர் கடைசிவரை நடக்கும். தளபதி மெக்கிளெல்லன் ஜெயித்தால் எதிரியோடு பேசிப் போரை நிறுத்துவார்கள் என்று அவர் கட்சிக்காரர்கள் சொன்னார்கள். மூத்த மகன் லூகஸ் ஜூன் மாதம் வர்ஜீனியாவில் ஒரு காலை வேளையில் இறந்திருந்தான். இளையவன் ஹார்மன் அதே வர்ஜீனியாவில் பதுங்குகுழியில் இருந்தான். போர் நிற்கவேண்டும் என்பதைத் தவிர எவர்ட்டுக்கு அந்த வருடம் வேறு அரசியல் இல்லை. அவனை அங்கேயே வைத்திருக்கப்போகும் வாக்கை அவன் பெயரில் தானே கொண்டுபோய்ப் போடவேண்டும் என்றால் எப்படி. ஆனால் அதை அவர் வெளியே சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் வரவில்லை. உறையைத் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

லிங்கன் கட்சிக்காரரான குரூம் மாட்டு வண்டி தருவதாகச் சொன்னார். வாக்குச்சாவடி நடக்கவிருந்த விடுதியின் வாசல்வரை வண்டி போகும். வாசலிலிருந்து மேசைவரை எவர்ட்தான் தூக்கவேண்டும். வேறு கை படக்கூடாது என்று தேர்தல் அதிகாரிகள் மூவரும் கூடிப் பேசி முடிவு சொல்லிவிட்டார்கள். விடுதிக்காரர் டெரிக் ஹாக் தளபதியின் ஆள். அவர் மாவு அரைக்க வந்த சாக்கில் எவர்ட்டின் தோளைத் தட்டினார். "சட்டம்னா சட்டம், எவர்ட். தூக்க முடியலன்னா முடியல. உன்னை யாரும் ஒரு வார்த்தை கேக்க முடியாது."

எவர்ட் தினமும் காலையில் மில்லைத் திறந்ததும் தராசைச் சரிபார்த்தார். புதன்கிழமை நூற்று முப்பத்தெட்டு. குளிர் தொடங்கிவிட்டது, ஒழுங்கான சாப்பாடு இருக்காது என்று நினைத்துக்கொண்டார். சனிக்கிழமை நூற்று இருபத்தேழு. அவர் மனைவி ஜெருஷா வீட்டிலிருந்து கம்பளிப் போர்வை ஒன்றைக் கொண்டுவந்து உறையின் மேல் போர்த்தினாள். போர்வையின் எடை ஆறு பவுண்டு, அதைக் கழித்துக்கொள்ளும்படி கணவனிடம் சொன்னாள். நவம்பர் இரண்டாம் தேதி நூற்றுப் பன்னிரண்டு. கடிதம் எதுவும் வரவில்லை. மில்லுக்கு வருகிறவர்கள் தராசின் பக்கம் பார்க்காமல் சோளத்தை இறக்கிவிட்டுப் போனார்கள். குரூம் வருவதை நிறுத்திக்கொண்டார். ஹாக்கும் வரவில்லை. ஐந்தாம் தேதி தொண்ணூற்றொன்பது.

எடைக்கல்லை நகர்த்தும்போது எவர்ட்டின் விரல்கள் வழுக்கின. மகன் குறையக் குறைய, தூக்க முடியவில்லை என்று தன்னிடமிருந்த ஒரே பதிலும் குறைந்துவருவது அவருக்குத் தெரிந்தது. யாரும் இல்லாத நேரத்தில் உறையின் இரு ஓரங்களையும் பிடித்து ஒருமுறை தூக்கிப் பார்த்தார். அது தராசிலிருந்து ஒரு விரல்கடை எழும்பியது. உடனே வைத்துவிட்டார். ஜெருஷா கதவருகே நின்றிருந்தாள்.

"தூக்கிட்டீங்க" என்றாள்.

"ஒரு விரல்கடை."

"நாளைக்கு இன்னும் சுலபமா இருக்கும்."

எவர்ட் எடைக்கல்லை மறுபடி நகர்த்திப் பார்த்தார். பிறகு, "இது இங்க இருக்குற வரைக்கும் அவன் இருக்கான்னு தெரியுது. கொண்டுபோய்ப் போட்டுட்டா எதைப் பாத்துத் தெரிஞ்சுக்குறது?" என்றார்.

"பாத்துப் பாத்து என்ன பண்ணினோம்? போர்வை போத்தினோம்." அவள் போர்வையின் நுனியை இழுத்துச் சரிசெய்தாள். "எனக்கு ஓட்டு இல்ல. இருந்தா நானும் தளபதிக்குத்தான் போடுவேன். ஆனா அவன் ஓட்டை உங்ககிட்ட குடுத்திருக்கான். கொல்லர்கிட்ட குடுக்கல."

"போட்டா அவன் அங்கேயே கெடக்கணும், ஜெருஷா."

"போடலன்னா எந்திரிச்சு வந்துருவானா?"

எட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை மழை பெய்தது. தராசு எண்பத்தெட்டு காட்டியது. ஹார்மனுக்குப் பதினோரு வயதில் மரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்தபோது எவர்ட் அவனைக் காட்டிலிருந்து தூக்கி வந்திருக்கிறார். அப்போதும் ஏறக்குறைய இந்த எடைதான். எப்படிப் பிடிப்பது என்று கைகளுக்கு நினைவிருந்தது. வண்டியை அழைக்கவில்லை. உறையைப் போர்வையில் சுற்றி, ஒரு கையை அடியிலும் ஒரு கையை முதுகிலுமாகக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடந்தார். மூன்று இடங்களில் நின்றார். எங்கும் அதைக் கீழே வைக்கவில்லை, ஈரமாக இருந்தது. வேலியில் சாய்ந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி நடந்தார். எதிரே வந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள், இரண்டு கட்சிக்காரர்களும்.

விடுதி வாசலில் ஹாக் நின்றிருந்தார். "என்ன எவர்ட், முடியாதுன்னு சொன்னியே?"

"நேத்து வரைக்கும் முடியல" என்றார் எவர்ட்.

ஹாக் வழியை விட்டார்.

எவர்ட் முதலில் தன் சீட்டைத் தளபதிக்குப் போட்டார். இடது கையில் மகன் இருந்ததால் வலது கையால் போட்டார். பிறகு உறையைக் கொடுத்தார். அதிகாரிகள் வெளியுறையைக் கிழித்து, வாக்கு தன்னுடையதே என்று ஹார்மன் எழுதிய சத்தியக் கடிதத்தை உரக்க வாசித்து, உள்ளுறையைத் திறந்து, மடித்த சீட்டைப் பெட்டியில் விட்டார்கள். மேசையின் கால்கள் முனகின. கொல்லர் ஏற்கெனவே தன் பதினோரு பேரையும் அதில் போட்டிருந்தார். உறை இருந்த கையை எவர்ட் ஒருமுறை ஏந்திப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. போர்வையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மாலையில் பெட்டியை நகர்த்த முடியாமல் இருந்த இடத்திலேயே எண்ணினார்கள். ஊர் தளபதியின் பக்கம் நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டுக்கு நூற்று அறுபத்தெட்டு. மாநிலம் ஜனாதிபதியின் பக்கம் போனது. ஏழு லட்சத்து முப்பதாயிரம் பேர் வாக்களித்ததில் வித்தியாசம் ஏழாயிரத்துக்கும் குறைவு. எண்ணி முடித்த சீட்டுகளை வழக்கப்படி எரித்தார்கள். சாம்பல் கணப்பின் கல்லை உடைத்துக்கொண்டு இறங்கிவிட்டது. விடுதியின் தரை அன்றிலிருந்து அந்தப் பக்கம் சாய்வு. ஹாக் மேசைக்கால்களுக்கு ஆப்பு வைத்துக்கொண்டார். மில்லின் தராசு அந்தக் குளிர்காலம் முழுவதும் மாவை மட்டும் நிறுத்தது.

ஹார்மன் 1865 ஜூனில் திரும்பி வந்தான். ஜுரம் ஏழு வாரம் படுக்கையில் போட்டிருந்ததாகவும், தேர்தலுக்கு மறுநாளிலிருந்து தேறியதாகவும் சொன்னான். சதை பிடித்திருந்தான். மில்லுக்குள் வந்தவன் பழைய வழக்கப்படி தராசின் மேல் ஏறி நின்றான். தராசு அசையவில்லை. எவர்ட் எடைக்கல்லைப் பூச்சியம்வரை தள்ளினார். அப்போதும் அசையவில்லை. வாக்கு அனுப்பியவர்களில் உயிரோடு வந்த இருபத்திரண்டு பேரும் அப்படித்தான் இருந்தார்கள். வாக்களிக்க வயதாகாதிருந்த இரண்டு சிப்பாய்களுக்கு மட்டும் அடுத்த குளிர்காலத்தில் பனியில் காலடி விழுந்தது. எடை எங்கே என்று யாரும் கேட்கவில்லை. விடுதியின் தரையைத் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள். மனைவிமார் கோட்டின் ஓரங்களில் ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்தார்கள். கொல்லர் காலணிகளுக்கு இரும்புக் குதிகால் அடித்துக்கொடுத்தார். ஹார்மன் கல்யாணம் செய்துகொண்டான், மில்லைப் பார்த்துக்கொண்டான். காற்று பலமாக அடிக்கும் நாட்களில் ஒரு மாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போவான்.

அப்பாவும் மகனும் அதற்குப் பிறகு வந்த எந்தத் தேர்தலிலும் ஒரே ஆளுக்கு வாக்களிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மில் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பற்றி வாதாடுவார்கள். எவர்ட் தன் வாதத்தை நிறுத்தாமலே ஒரு கையை மகனின் முழங்கால் மேல் வைத்துக்கொள்வார். காற்று அடித்தால் இரண்டு கையையும்.