புஸ்பத்தின் நினைவு மலர்

ஜெனிஸ்ரா தன் தாய் புஸ்பத்தை அடக்கம் செய்த பத்தாம் நாள், அனுஜா கைக்குழந்தையோடு வந்து அவள் முன்னால் நின்று அழுதாள். அனுஜா ஊர்ச் சங்கத் தலைவர் எமிலியானுஸின் மருமகள்.

“ஜெனி, அம்மாவைப் பாம்பு கடிச்ச அண்டைக்குப் பிக்கப் வாகனம் பழுதில்லை. மாமா இறால் பெட்டியும் ஐசும் ஏத்தி வைச்சிருந்தவர். இறக்க மனமில்லாமல்தான் பழுதெண்டு சொன்னவர். நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டனான். வாய் திறக்கப் பயந்திட்டன்.”

ஜெனிஸ்ரா கத்தவில்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இலுப்பைக்கடவைக்கு அங்காலே காடு மண்டிக் கிடந்த அந்தக் கரைக்கு, சண்டை முடிந்து இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து முதலில் திரும்பிய குடும்பங்களில் புஸ்பத்தினுடையதும் ஒன்று. புருசன் முகாமிலேயே காய்ச்சலில் போய்விட்டான். மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவள், ஊரின் பிள்ளைகளையும் விடவில்லை. கண்ணிவெடி எடுத்து முடியாத காலத்தில், சிவப்பு நாடா கட்டிய பாதையில் தினமும் முன்னால் நடந்து அவர்களைப் பள்ளிக்குக் கூட்டிப்போனாள். தறப்பாள் கூரைக் கொட்டிலில் முன்பள்ளி தொடங்கினாள். அனுஜாவுக்குப் பிள்ளைப்பேறு சிக்கலானபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி மர வாங்கில் குந்தியிருந்தவளும் அவள்தான்.

ஊரின் வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவென்று ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த பிக்கப் எமிலியானுஸின் வளவிலேயே நின்றது. புஸ்பம் ஒருநாள் கூட்டத்தில் எழும்பி, “ஊர் வாகனத்தில உங்கட இறாலை ஏத்தாதேங்கோ” என்று முகத்துக்கு நேரே சொன்னாள். அன்றைக்கு அவர் முகம் கறுத்தது, பிறகு வெளுக்கவேயில்லை.

முன்பள்ளிக்குப் பின்னால் பற்றை வெட்டும்போது புஸ்பத்தைப் புடையன் பாம்பு கடித்தது. ஜெனிஸ்ரா தலைவர் வீட்டுக்கு ஓடினாள். “கிளச் பழுது பிள்ளை, அசையாது” என்றார் அவர். கடைசியில் அயல்வீட்டு லெட்சுமணனின், மெதுவாக ஊரும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில்தான் ஏற்றினார்கள். விடத்தல்தீவு ஆஸ்பத்திரி வருமுன் மகளின் மடியிலேயே மூச்சு நின்றது.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் என்று ஒரு சிறு புத்தகம் அச்சடிக்கும் செய்தி கேட்டு எமிலியானுஸ் தானே வந்தார்.

“பிள்ளை, புஸ்பத்தைப் பற்றி நான் ரெண்டு சொல்லு எழுதோணும். மேடையிலயும் பேசோணும். ஊர் எதிர்பார்க்கும்.”

“ஓம் மாமா. முதல் பக்கமே உங்களுக்குத்தான்” என்றாள் ஜெனிஸ்ரா. அவர் போனதும் அனுஜாவிடம் போய், “உன்ர பேரைப் போடட்டோ?” என்று கேட்டாள். அனுஜா குழந்தையைப் பார்த்தாள். “போடு” என்றாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சனம் கோயில் மண்டபத்தில் கூடியது. ஜெனிஸ்ரா தன் கையாலேயே எல்லாருக்கும் மலரைக் கொடுத்தாள். மேடையில் எமிலியானுஸ், “எங்கட சகோதரி, ஊரின்ர தாய்” என்று குரல் தழுதழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். கீழே மலரை வாசிக்க ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. முதல் பக்கத்தில் அவருடைய படமும் அஞ்சலியும். அடுத்த பக்கத்தில் புஸ்பம் செத்த விதம்: எத்தனை மணிக்குப் பாம்பு கடித்தது, எத்தனை மணிக்கு ஜெனிஸ்ரா வாகனம் கேட்டாள், அந்த நேரம் வாகனத்தில் என்ன இருந்தது, சாட்சி யார்.

லெட்சுமணன் எழும்பினான். “தலைவர், ஐஸ் உருகிப்போகுமெண்டோ புஸ்பமக்காவை விட்டனீங்கள்? உங்கட மருமகளே சாட்சியெண்டு இதில கிடக்கு.”

எமிலியானுஸ் பேச்சை நிறுத்திவிட்டு மருமகளைப் பார்த்தார். “சொல்லு பிள்ளை, பொய்யெண்டு சொல்லு.”

“மெய்தான் மாமா” என்றாள் அனுஜா. உட்கார்ந்தபடியே சொன்னாலும் எல்லாருக்கும் கேட்டது.

அவர் மேடையை விட்டு இறங்கி வெளியே போகும்வரை ஒருவரும் வழி விலகவில்லை. கதிரைகளை இடித்துக்கொண்டுதான் போனார். அந்தக் கிழமையே சங்கம் கூடி அவரை விலக்கிப் பிக்கப் சாவியை வாங்கியது. அனுஜாவும் புருசனும் வேறு வீடு பார்த்துப் போனார்கள்.

ஒரு பின்னேரம் எமிலியானுஸ் ஜெனிஸ்ராவின் வீட்டு வாசற் படலையில் வந்து நின்றார். அவள் உள்ளே வரச் சொல்லவில்லை.

“கோயிலுக்குக்கூடப் போகேலாமல் கிடக்கு. உன்ர அம்மா இருந்தா என்னை மன்னிச்சிருப்பா.”

“ஓம், மன்னிச்சிருப்பா. அவவைத்தான் நீங்கள் சாகவிட்டனீங்கள்.”

அவர் போன பிறகு அவள் படலையைச் சாத்தினாள். அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. அடுத்த நாள் காலை மிச்சமிருந்த நினைவு மலர்ப் பிரதிகளைக் கட்டி, எமிலியானுஸின் சொந்தக்காரர் இருக்கும் தாழ்வுபாட்டுக்கு பஸ் ஏறினாள். அங்கேயும் வீடு வீடாகக் கொடுத்தாள்.